புதன்கிழமை வைத்த புளிக்குழம்பு

ஒரு டாக்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு விடை தெரிந்து, வாயைத் திறந்து சொல்லக்கூடிய நிலையில் அந்த அறையில் இருந்தவன் நான் ஒருவன்தான். "அப்படியெல்லாம் எதுவும் கிடையாது டாக்டர்" என்று சொன்னேன். நான் செய்த தவறு இதுதான். ஆனால் அதை யாருக்குச் செய்தேன் என்று சொல்லாவிட்டால் அதன் கனம் தெரியாது. அதனால் அந்த அம்மாவைப் பற்றி எழுதுகிறேன்.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் அவர்களுடைய வீடு. கீழே அந்த அம்மாவும் அவர் கணவரும். மாடியில் குடித்தனம் நானும் என் மனைவியும். நான் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். அவர் கணவர் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன், பெரும்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

காலையில் நான் மாடிப்படி இறங்கும்போது அந்த அம்மா தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். பொன்னாங்கண்ணி, வல்லாரை, கற்பூரவல்லி, சுவரோரம் தூதுவளை. நான் "குட்மார்னிங்" சொல்வேன். அவர் பதில் வணக்கம் சொல்வதற்கு முன்னால் என் முகத்தைப் பார்ப்பார்.

"கண்ணு உள்ள போயிருக்கே சார். நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"பரோட்டாம்மா. கடையில வாங்கினோம்."

"வயித்தைக் கேட்டீங்களா?"

இது அவர் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி. கொரியர் கொண்டுவருகிறவரிடமும் கேட்பார். வயிற்றுக்குத் தனியாக ஒரு வாய் இருப்பதுபோலவும், நாம்தான் அதைப் பேசவிடாமல் அடக்கி வைத்திருப்பதுபோலவும் பேசுவார்.

அவர் வீட்டில் வெள்ளைச் சர்க்கரை கிடையாது. மைதா கிடையாது. காலையில் கேழ்வரகுக் கஞ்சி, சாயங்காலம் சுண்டல், ஞாயிற்றுக்கிழமை முடக்கத்தான் தோசை. இதையெல்லாம் எங்கே கற்றார் என்று கேட்டால் சிரிப்பார். கொஞ்சம் வாரப் பத்திரிகை, கொஞ்சம் மொபைல், மிச்சம் அவரே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஆனால் யார் சொன்னாலும் உடனே நம்பிவிட மாட்டார். "யூடியூப்ல பேசறவங்களுக்கு நம்ம வீட்டு வயிறு தெரியுமா சார்?" என்பார். புதிதாக எதையாவது கேள்விப்பட்டால் முதலில் ஒரு வாரம் தான் மட்டும் சாப்பிட்டுப் பார்ப்பார். ஒத்துக்கொண்டால்தான் கணவரின் தட்டுக்கு வரும். பாகற்காய்ச் சாறு அப்படித்தான் வராமல் போனது. அதைக் குடித்துவிட்டு அவர் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். கணவருக்கு அன்று இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "எனக்காக உயிரையே குடுக்கறா சார்" என்று மாடிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மருந்துக்கு அந்த அம்மா எதிரியில்லை. கணவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததிலிருந்து டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. "மாத்திரையை டாக்டர் பாத்துக்கட்டும், தட்டை நான் பாத்துக்கறேன்" என்பார். அந்தத் தட்டில் என்ன இருந்ததோ அதுதான் அந்த அம்மாவின் தட்டிலும். அவருக்கு எந்த நோயும் இல்லை. இனிப்பென்றால் உயிர். ஆனாலும் கணவர் விட்ட அன்றே அவரும் விட்டுவிட்டார்.

இத்தனையும் எத்தனையோ வீடுகளில் இருப்பதுதான். அவரிடம் மட்டும் நான் கண்டது வேறொன்று. அந்த வீட்டில் யாருக்கு என்ன உபாதை வந்தாலும், அதைப் பின்னோக்கித் தேடிக்கொண்டே போவார். தேடல் எப்போதும் அவருடைய அடுப்பில் போய்த்தான் நிற்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்குக் கண் சிவந்திருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் எங்களுக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தார்.

"இது இன்னிக்கு வந்தது இல்ல சார். புதன்கிழமை புளிக்குழம்பு வெச்சேன். இந்த வெயில்ல புளி வெச்சிருக்கவே கூடாது. என் தப்பு."

"அம்மா, பஸ்ல தூசி விழுந்துதும்மா."

"தூசி எல்லார் கண்ணுலயும்தான் விழுது. எல்லாருக்குமா சிவக்குது?"

இன்னொரு முறை பிள்ளையார் சதுர்த்திக்குத் தெரு முழுக்கக் கொழுக்கட்டை கொடுத்தார். மறுநாள் எதிர்வீட்டுப் புது மருமகளுக்கு ஓயாத வாந்தி. அந்த அம்மா இஞ்சிச் சாற்றை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் குற்றவாளிபோல நின்றார். சாயங்காலம் டாக்டரிடம் போய்வந்த பிறகு விஷயம் தெரிந்தது. அந்தப் பெண் உண்டாகியிருந்தாள். தெருவே சிரித்தது. "உங்க கொழுக்கட்டைக்கு இவ்வளவு சக்தியாக்கா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார். அப்புறம் என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்: "இருந்தாலும் தேங்காய் கொஞ்சம் முத்தல்தான் சார்."

எனக்கு அவருடைய இந்தக் குணம் வேடிக்கையாக இருந்தது. நடந்ததற்கெல்லாம் காரணம் தேடுவதுதான் என் தொழிலும். ஆனால் எந்த வரலாற்றிலும் குற்றவாளி ஒரே ஆளாக இருந்து நான் பார்த்ததில்லை.

என் மனைவி மாரடைப்பில் போனபோது அது வேடிக்கையாக இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் அந்த அம்மா மாடிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "நான் அவங்களுக்கு வத்தக்குழம்பு குடுத்துக்கிட்டே இருந்தேன் சார். அவங்களுக்குப் பிடிக்கும்னு குடுத்தேன். அதுல உப்பு எவ்வளவு இருக்கும்னு நான் யோசிக்கலை" என்று சொல்லி அழுதார். மனைவியை இழந்த நான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அம்மா ஒரு பழியை எப்படி வாங்கிக்கொள்வார் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. நன்றாகவே தெரியும்.

அதற்குப் பிறகு என் ராத்திரிச் சாப்பாடு கீழ்வீட்டிலிருந்துதான் வந்தது. ஒரு தூக்குவாளியில் கஞ்சியோ, இரண்டு தோசையோ. காலையில் அவர் கணவரும் நானும் சேர்ந்து நடக்கப் போக ஆரம்பித்தோம். அதுவும் அந்த அம்மாவின் ஏற்பாடுதான். "சார் தனியா இருக்காரு, கூட்டிட்டுப் போங்க" என்று அவரிடமும், "இவரு வழியில உக்காந்துடுவாரு, விடாதீங்க" என்று என்னிடமும் சொல்லி அனுப்பினார். கையில் ஒரு பாட்டில் வெந்தயத் தண்ணீர். பாதி தூரத்தில், எனக்கு நண்பராகிவிட்ட அந்தக் கணவர் அதைக் குடிக்க வேண்டும். அவர் குடிக்கிறாரா என்று நான் பார்க்க வேண்டும்.

கேம்ப் ரோட்டில் ஒரு டீக்கடை. ஆரம்பித்து வைத்தது நான்தான். மனைவி போன பிறகு காலையில் டீ போட்டுக் கொடுக்க ஆளில்லை. ஒருநாள் அங்கே நின்றேன். நண்பர் வேண்டாம் என்றார். "ஒரு டீல என்னங்க ஆயிடப்போகுது?" என்றேன். படித்தவன் சொன்னதால் அவருக்கு அது அனுமதிபோல ஆகிவிட்டது. மறுநாள் டீயோடு ஒரு மெதுவடை. அதற்கு அடுத்த வாரம் இரண்டு. பிறகு அது தினசரி வழக்கம்.

"பரோல்ல வந்திருக்கேன் சார்" என்பார் வடையைப் பிட்டுக்கொண்டே. "ஜெயிலர் அம்மா தங்கமானவங்க. ஆனா ஜெயில் ஜெயில்தானே."

கடைக்காரர் எங்களைத் தூரத்தில் கண்டதுமே குரல் கொடுப்பார். "இன்னா சார், லேட்டு? வடை சூடா கீது, வா வா. உனக்குச் சக்கரை தூக்கலா போட்டுட்டேன்."

வெந்தயத் தண்ணீரை ஒரு காலிமனையின் ஓரத்திலிருந்த அரளிச் செடிக்கு ஊற்றுவோம். "இந்தச் செடிக்கு மட்டும் ஜென்மத்துக்கும் சுகர் வராது" என்று நண்பர் சொல்லும்போது நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்குத் திரும்பினால் அந்த அம்மா காலிப் பாட்டிலை வாங்கிக் குலுக்கிப் பார்ப்பார். "முழுசாக் குடிச்சாரா சார்?" என்பார். "குடிச்சாரும்மா" என்பேன். இரண்டு கிழவர்கள் பள்ளிப் பிள்ளைகள்போல நடந்துகொண்டோம். எனக்கு அது பிடித்திருந்தது. என் வீட்டில் சிரிப்பதற்கு வேறெதுவும் இருக்கவில்லை.

மூன்று மாதச் சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனை வந்தது. அதை ஏமாற்ற முடியாது. அந்த அம்மா ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"ஏறியிருக்கு சார். எங்கிருந்து ஏறுது? அரிசியைப் பாதியாக்கினேன். தினை குடுத்தேன், அதை விட்டு வரகு குடுத்தேன். பழம்கூட எண்ணித்தான் குடுக்கறேன். எந்த இடத்துல விடறேன்னு தெரியலை."

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் காலை நேரம் போய்விடும் என்று நினைத்தேன். "வயசாச்சும்மா. சில பேருக்கு உடம்பு வாகு அப்படி" என்றேன்.

"வாகுன்னு ஒண்ணு கிடையாது சார். தட்டுலேருந்துதான் வரணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் சொன்னது சரி. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அந்த அம்மா தட்டின் அளவைக் குறைத்தார். நாங்கள் வடையை நிறுத்தவில்லை.

பிறகு உறவில் ஒரு கல்யாணத்துக்காக நான் திருச்சிக்குப் போனேன். நான் இல்லாத நாட்களில் கணவரோடு நடக்க அந்த அம்மாவே போனார். டீக்கடையைத் தாண்டி, அரளிச் செடியைத் தாண்டி. வெந்தயத் தண்ணீரை அவர் கண் முன்னாலேயே நண்பர் முழுசாகக் குடித்திருக்கிறார். வடையும் சர்க்கரை போட்ட டீயும் இருக்கும் உடம்புக்கென்று கூட்டிய மாத்திரை, அவை இரண்டும் இல்லாத உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை நடந்துவிட்டு வந்து குளிக்கப் போனவர் மயங்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

நான் தாம்பரம் வந்து இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் நண்பர் அரை மயக்கத்தில் கிடந்தார். அவருடைய அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா சுவரோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "மூணு நாளும் நான்தான் சார் கூடப் போனேன். ரெண்டு பேரும் சேர்ந்து நடந்து எத்தனையோ வருஷமாச்சு. அந்தச் சந்தோஷத்துல வேகமா நடக்க வெச்சுட்டேன் போலிருக்கு" என்றார்.

டாக்டர் வந்தார். நடுத்தர வயது, அவசரக்காரர்.

"சுகர் ரொம்ப இறங்கியிருக்கு. இந்த டோஸுக்குச் சாப்பாடு பத்தலை. வீட்ல என்னம்மா குடுக்கறீங்க?"

அந்த அம்மா ஒன்றுவிடாமல் சொன்னார். ஒரு நாள் முழுக்கக் கொடுப்பதை அளவோடு ஒப்பித்தார்.

"அவ்வளவுதானா? அப்படின்னா போன ரிப்போர்ட்ல அவ்வளவு வந்திருக்காதே. வெளியில ஏதாவது சாப்பிடுவாரா?"

"ஒரு பிஸ்கட்கூட இல்லைங்க டாக்டர்." என் பக்கம் கையைக் காட்டினார். "சார்தான் தினம் கூடப் போவாரு. சாரைக் கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்த அக்கா என்னைப் பார்த்தார். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. என்ன சொல்லப்போகிறேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் எதிர்பார்த்தபடியே, "அப்படியெல்லாம் எதுவும் கிடையாது டாக்டர்" என்றேன்.

"மொபைலைப் பாத்து வைத்தியம் பண்ணாதீங்கம்மா" என்றார் டாக்டர். "பட்டினி போட்டா நோய் குறைஞ்சிடாது."

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் உறவுக்கெல்லாம் செய்தி போய்விட்டது. சோறு போடாமலேயே புருஷனை விழவைத்தவள் என்று.

இரண்டு நாள் கழித்து நண்பரோடு நான் மட்டும் தனியாக இருந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட சொல்லிடாதீங்க சார். தாங்க மாட்டா." எதைத் தாங்க மாட்டார், நாங்கள் ஏமாற்றியதையா, விழுந்ததற்குத் தானே காரணம் என்று நம்பிக்கொண்டிருப்பதையா என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

நண்பர் பிறகு எழுந்து நடக்கவேயில்லை. சில மாதம் படுக்கையில் கிடந்து, நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். அந்த அம்மா அடுப்படிக்குப் போவதை நிறுத்திவிட்டார். மகன் ஒரு மெஸ்ஸில் சொல்லி வைத்தான். இரண்டு வேளையும் பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பாடு வந்தது. அதில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் சாப்பிட்டார். வல்லாரை காய்ந்தது. நான் படியிறங்கும்போது வாசலில் உட்கார்ந்திருப்பார். "குட்மார்னிங்" சொன்னால் தலையாட்டுவார். என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒருமுறை வாரக்கணக்காக இருமினேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அந்த இருமலைவிட அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வருஷ திதி வந்தது. நெருங்கிய உறவுகள் மட்டும். என்னையும் அழைத்திருந்தார்கள். படையலுக்கு இலை போட்டு வடை, பாயசம் எல்லாம் வைத்தார்கள். அக்கா இலையைப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே சொன்னார்:

"உசுரோட இருந்தப்ப என் தம்பிக்கு ஒரு வடை கிடைக்கலை. இப்ப வெச்சு என்ன பிரயோஜனம்?"

அந்த அம்மா சமையலறை வாசலில் தட்டோடு நின்றிருந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவர் அதை ஏற்றுக்கொண்டு நெடுநாள் ஆகியிருந்தது.

"கிடைச்சுதும்மா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "தினமும் கிடைச்சுது. நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். டீ, வடை, செடிக்கு ஊற்றிய தண்ணீர், ஏறிய ரிப்போர்ட், கூட்டிய மாத்திரை, நான் இல்லாத மூன்று நாள், டாக்டரிடம் சொன்ன பொய். வகுப்பில் பாடம் நடத்துவதுபோல வரிசையாகச் சொன்னேன். இனி அந்த அம்மாவை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

மகன்தான் முதலில் பேசினான். "ரிப்போர்ட் வந்தப்பவே சொல்லியிருந்தா, டாக்டர் மாத்திரையை ஏத்தியிருக்க மாட்டாரே அங்கிள்."

"ஆமாம்பா."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அது நியாயம். ஆனால் அக்கா அசையாமல் சொன்னார்:

"அதைத்தான் நானும் சொல்றேன். வீட்ல வாய்க்கு ருசியா கிடைச்சிருந்தா அவன் ஏன் சார் திருட்டுத்தனமா கடைக்குப் போறான்?"

இப்படி ஒரு திருப்பத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சமையலறை வாசலிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

"அண்ணி சொல்றது சரிதான்."

எல்லாரும் போன பிறகு நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார். நெடுநாள் கழித்து என் முகத்தைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அதற்காகத்தான் காத்திருந்தேன்.

"என்ன வடை சார்?"

"மெதுவடை."

"எத்தனை?"

"ரெண்டு."

"சர்க்கரை?"

"தூக்கலா."

உதடுகள் லேசாக அசைய ஏதோ கணக்குப் போட்டார். "அப்போ டாக்டர் மேல தப்பில்ல" என்றார். "அந்த வடைக்கு அந்த மாத்திரை சரிதான். வாரத்துல ஒரு நாள் நானே நல்ல எண்ணெயில சுட்டுக் குடுத்திருக்கலாம். சொல்லிட்டு சாப்பிட்டிருப்பாரு. ரொம்ப இறுக்கிப் பிடிச்சுட்டேன்."

"அம்மா, தப்பு என்னோடது. ஆரம்பிச்சு வெச்சது நான். பொய் சொன்னது நான். என்னைத் திட்டுங்க. வீட்டைக் காலி பண்ணச் சொல்லுங்க."

அவர் என்னை வியப்போடு பார்த்தார். கோபமில்லை. புரியாத ஒன்றைக் கேட்டதுபோலத்தான் இருந்தது.

"நீங்க மாடி வீட்டுக்காரரு சார். இந்த வீட்டு வயித்துக்கு நீங்க எப்படிப் பொறுப்பாவீங்க?"

எனக்குச் சேர வேண்டிய பழியில் ஒரு துளிகூட அவர் எனக்குத் தரவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாக நான் மறைத்து வைத்த உண்மையை எடுத்துக் கொடுத்தேன். அதையும் வாங்கித் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அதற்குமேல் அந்த வீட்டில் எனக்கு இடமில்லை என்று தோன்றியது. வேறு வீடு பார்க்கலாம் என்று இரும்புலியூர்ப் பக்கம் இரண்டு நாள் அலைந்தேன். கிடைத்த ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கவும் கிளம்பினேன்.

அன்று சனிக்கிழமை. கீழ்வீட்டிலிருந்து எண்ணெய் காயும் வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா படியேறி வந்தார். கையில் தட்டு, அதில் நாலு மெதுவடை. மெஸ் டப்பாவை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.

"கடைக்குப் போகாதீங்க சார். திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய். ஆசையா இருந்தா என்கிட்ட கேளுங்க, நான் சுட்டுத் தரேன்."

நான் எங்கும் போகவில்லை. இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் வடை வருகிறது. என் டாக்டர் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதை அந்த அம்மாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சொன்னால் அதையும் ஏதாவது ஒரு புதன்கிழமையில் கொண்டுபோய் நிறுத்துவார்.

போன சனிக்கிழமை நான் சாப்பிடும்வரை வாசற்படியிலேயே நின்றிருந்தார். பிறகு ஒரு வடையை எடுத்துப் பிட்டு, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"உள்ள மாவா நிக்குது சார். தீயைக் கூட்டிட்டேன். குடுங்க, வேற சுட்டு எடுத்துட்டு வரேன்."

வடை நன்றாகத்தான் வெந்திருந்தது. அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.